மாதத்தில் எத்தனை நாள்?

1956 கோடையில் ரோசலிண்ட் பிராங்க்ளின் அமெரிக்காவில் ஆய்வுக்கூடங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் இருந்தபோது ஒருநாள் ஸ்கர்ட்டின் ஜிப் மேலே ஏறவில்லை. வயிறு முன்னால் தள்ளியிருந்தது. டி.என்.ஏ.வின் எக்ஸ்ரே படத்துக்காக இன்று பாடப்புத்தகத்தில் இருப்பவர். அப்போது அவருடைய வேலை வைரஸ்களின் அமைப்பை ஆராய்வது. லண்டன் திரும்பி டாக்டரைப் பார்த்தபோது, கர்ப்பமாக இருக்கிறீர்களோ என்று அந்த டாக்டர் கேட்டார். இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறார் பிராங்க்ளின். டாக்டர் அதோடு விடவில்லை. 'அவசரம்' என்று குறித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பினார். செப்டம்பரில் அறுவை சிகிச்சை. உள்ளே இரண்டு கட்டிகள். சினைப்பைப் புற்றுநோய். 1958 ஏப்ரல் 16 அன்று, 37 வயதில் இறந்துபோனார்.

ஜிப் ஒரு கறாரான அளவுகோல். அரை அங்குலம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். நம் பெண்களின் பாவாடை நாடாவுக்கு அந்தக் கறார் கிடையாது. வயிறு பெருக்கப் பெருக்க முடிச்சு தள்ளிக்கொண்டே போகும், கட்டுகிறவருக்கே தெரியாது. சுடிதாருக்கும் நாடாதான். நைட்டிக்கு அதுவும் இல்லை. எப்போதோ ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டும்போது கொசுவத்தில் ஒரு மடிப்பு குறைந்தால்தான் உண்டு. அப்போதும் "சதை போட்டுட்டே" என்று யாராவது சிரித்துவிட்டுப் போவார்கள்.

பிராங்க்ளினுக்கு முப்பது ஆண்டு கழித்து கில்டா ராட்னர் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகைக்கு நேர்ந்தது வேறு கதை. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் முதல் குழுவில் இருந்தவர். 1986 தொடக்கத்தில் உடம்பு அசத்த ஆரம்பித்தது. பிறகு லேசான காய்ச்சல், வயிற்று உப்புசம், தொடையில் வலி. ஏதோ வைரஸ் என்றார்கள். வயிற்றுக் கோளாறு என்றார்கள். மனச்சோர்வாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். பணம், புகழ், கூப்பிட்ட நேரத்துக்குப் பார்க்கிற டாக்டர்கள் எல்லாம் இருந்தும் அக்டோபர் வரை பத்து மாதம் போயிற்று. சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது நான்காம் கட்டத்தில் இருந்தது. 1989 மே 20 அன்று, 42 வயதில் இறந்தார். அவருடைய பாட்டி உட்பட குடும்பத்தில் சிலருக்கு இதே நோய் இருந்திருக்கிறது. அதை யாராவது சரியாகக் கேட்டிருந்தால் என்று, அவருடைய கணவரும் நடிகருமான ஜீன் வைல்டர் 1991இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ச் சொன்னார். பி.ஆர்.சி.ஏ.-1 என்ற மரபணு பிரித்தெடுக்கப்பட்டது அதற்குப் பிறகு, 1994இல். அதில் பிறழ்வு உள்ள பெண்களில் 100 பேருக்குச் சுமார் 40 பேர் வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகலாம். மற்றப் பெண்களில் 100க்கு ஒன்றிரண்டு பேர்.

ராட்னரைப் பார்த்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர்கள் படித்த பாடமே அப்படி. சினைப்பைப் புற்றுநோய் சத்தமில்லாமல் வளரும், முற்றும்வரை அறிகுறி காட்டாது என்றுதான் மருத்துவப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. நோயாளிகள் சொன்னது வேறு. முன்பே தெரிந்தது, சொன்னோம், கேட்கவில்லை என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை எண்ணிக்கையாக மாற்றலாம் என்று முனைந்தவர் சியாட்டில் நகரின் அறுவை சிகிச்சை நிபுணர் பார்பரா கோஃப். சினைப்பைப் புற்றுநோயாளி ஒருவரே நடத்திய செய்திமடல் வழியாகக் கேள்வித்தாள் அனுப்பி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,725 பெண்களிடமிருந்து பதில் வாங்கினார். 2000இல் முடிவு வந்தது. நோய் கண்டறிவதற்கு முன்பே அறிகுறி இருந்ததாகச் சொன்னவர்கள் 95 விழுக்காடு. முதல் இரண்டு கட்டங்களில் இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தாலும் 89 விழுக்காடு. சத்தமில்லாத நோய் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. புற்றுநோய் என்று தெரிந்தபிறகு பின்னோக்கி நினைத்துப் பார்க்கிற யாருக்கும் எல்லாமே அறிகுறியாகத்தான் தோன்றும். வயிறு உப்பாத பெண் உலகத்தில் யார்? அதனால் 2004இல் கோஃப் வேறு மாதிரி கேட்டார். சாதாரணமாக டாக்டரிடம் வந்துபோகிற 1,709 பெண்கள் ஒரு பக்கம். சினைப்பையில் கட்டி இருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, ஆனால் கட்டி எப்படிப்பட்டது என்று இன்னும் தெரியாது என்ற நிலையில் 128 பெண்கள் இன்னொரு பக்கம். பிந்தையவர்களில் 44 பேருக்குப் புற்று இருந்தது பிறகு தெரிந்தது. இரு பக்கத்திலும் சொல்லப்பட்ட தொல்லைகள் ஒன்றேதான்: உப்புசம், வயிற்றுவலி, சிறுநீர் அடிக்கடி வருவது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது. வித்தியாசம் இருந்தது கணக்கில். சாதாரணப் பெண்களுக்கு இவை மாதத்தில் இரண்டு மூன்று முறை வந்துபோயின. புற்றுநோய் இருந்தவர்களுக்கு 20 முதல் 30 முறை. அதுவும் சில மாதங்களாகப் புதிதாக வந்தவை.

எத்தனை முறை, எவ்வளவு புதிது என்ற இந்த இரண்டையும் வைத்து 2007இல் ஒரு எளிய அளவுகோல் உருவானது. மேலே சொன்ன தொல்லைகளில் சிறுநீர்த் தொல்லை நீங்கலாக ஏதாவது ஒன்று, ஓராண்டுக்குள் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் சினைப்பையைப் பார். முற்றிய நோயில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையும், முன்கட்ட நோயில் 57 விழுக்காட்டையும் அது பிடித்தது. பாதிக்குச் சற்றுமேல் என்பது பெரிய வெற்றி ஒன்றும் கிடையாது. ஆனால் கருவி, மருந்து, செலவு எதுவும் இல்லாமல், இரண்டே கேள்வியில் கிடைத்தது அது: எப்போதிலிருந்து? மாதத்தில் எத்தனை நாள்? இந்த இரண்டும் கேட்கப்படாமலே எழுதப்பட்ட கேஸ் மாத்திரைகள் எத்தனை இருக்கும் என்று யோசித்தால் ஆயாசமாக இருக்கிறது.

சினைப்பையில் வரும் நோய் ஏன் குடலின் கோளாறாக வேஷம் போடுகிறது என்பதுதான் இதில் சுவாரசியமான பகுதி. முதல் விஷயம், இந்த நோய் பல சமயம் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. மிக அதிகமாகக் காணப்படும், மிக வேகமாகப் பரவும் வகை, கருக்குழாயின் நுனியில் விரல் விரலாக இருக்கும் பகுதியில் பிறக்கிறது என்பது 2001இல் டச்சு ஆய்வாளர்கள் கொடுத்த துப்பிலிருந்து பின்வந்த ஆண்டுகளில் தெளிவானது. அந்த விரல்கள் வயிற்றறைக்குள் திறந்து கிடக்கின்றன. மார்பகத்திலோ நுரையீரலிலோ பிறக்கும் புற்று தொலைவுக்குப் பரவ இரத்தக்குழாயையோ நிணநீர்க்குழாயையோ துளைத்துப் போக வேண்டும். இங்கே அந்த வேலையே இல்லை, உதிர்ந்தால் போதும். வயிற்றறைக்குள் எப்போதும் கொஞ்சம் திரவம் இருக்கும். மூச்சு விடும்போதும் குடல் அசையும்போதும் அது அடிவயிற்றிலிருந்து வலப்பக்கமாக மேலேறி உதரவிதானத்தின் அடிப்பக்கம்வரை போய்வரும். உதிர்ந்த செல்கள் அதில் பயணம் செய்து, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புப் படலத்திலும், குடலின் வெளிச்சுவரிலும், கல்லீரலின் மேலேயும் ஒட்டிக்கொள்கின்றன. திரவத்தை வடித்துக்கொண்டிருந்த நுண்குழாய்கள் அடைபட்டு நீர் கோத்துக்கொள்கிறது. வயிறு பெருக்கிறது. இரைப்பை விரிய இடமில்லை, நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்றாகிறது. சிறுநீர்ப்பை அழுந்துகிறது, ராத்திரி நான்கு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது விஷயம் நரம்பு. சினைப்பையிலிருந்து கிளம்பும் உணர்விழைகள் தண்டுவடத்துக்குள் நுழைவது மார்பு முள்ளெலும்புகளில் பத்தாவதை ஒட்டிய மட்டத்தில். சிறுகுடலின் சேதியும் தொப்புளைச் சுற்றிய தோலின் சேதியும் வந்துசேர்வது ஏறத்தாழ அங்கேதான். நாலு வீட்டுக்கு ஒரே அழைப்புமணி வைத்த மாதிரி. மணி அடித்தது மூளைக்குத் தெரியும். எந்த வீட்டு வாசலில் என்று தெரியாது. ஆகவே, வலி எங்கே என்று டாக்டர் கேட்டால் அந்தப் பெண் உள்ளங்கையை வயிற்றின்மேல் வட்டமாகச் சுற்றிக் காட்டுகிறார். ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிற நோயாளியை மருத்துவம் நம்புகிறது. உள்ளங்கையால் வட்டம் போடுகிறவரைப் பார்த்ததும் அல்சர், வாயு, மனசு என்று போய்விடுகிறது.

டாக்டர் தரப்பையும் பார்க்க வேண்டும். 2009இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வில்லியம் ஹாமில்டனும் குழுவினரும் பொதுமருத்துவர்களின் பழைய பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வயிறு உப்புகிறது என்று வரும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சினைப்பைப் புற்றுநோய் இருப்பது 1,000 பேருக்கு 3 பேரிடம். வயிற்றுவலிக்கும் அதே கணக்குதான். மற்ற 997 பேரில் பெரும்பாலோருக்கு அது வாயு, மலச்சிக்கல் போல ஏதோ ஒன்று. அறுபது பேர் வெளியே காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் டாக்டர் அந்த 997ஐத்தான் மனதில் வைத்துப் பார்ப்பார். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. வயிறு உப்பி அடங்காமல், பெருத்தது பெருத்தபடியே இருக்கிறது என்று சொன்ன பெண்களில் 40 பேரில் ஒருவருக்குப் புற்று. உப்புசத்தைவிட எட்டு மடங்கு. உப்பி அடங்குவது வேறு, பெருத்துக் கிடப்பது வேறு என்ற வித்தியாசம் எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது. அன்றைய அவசரப் பரிந்துரை விதிகளில் இல்லை. பெண்கள் சொல்லியிருக்கிறார்கள், டாக்டர் எழுதியும் இருக்கிறார், அதற்கு அப்புறம்தான் யாரும் எதுவும் செய்யவில்லை. புறக்கணிப்பு என்றதும் முகம் சுளிக்கிற, அதட்டுகிற டாக்டர் ஒருவரைக் கற்பனை செய்கிறோம். எனக்கென்னவோ, கேட்டுக் குறித்துக்கொண்டு மறந்துபோகிற முறைமைதான் அதைவிட அதிகம் பேரைக் கொன்றிருக்கும் என்று தோன்றுகிறது.

கருப்பைக்கு வந்தால் இந்தக் குழப்பம் பாதி குறைய வேண்டும். கருப்பையின் உட்படலத்தில் வரும் புற்றுநோய் கிட்டத்தட்ட எப்போதும் இரத்தம் காட்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த நோய் வந்தால் 100க்கு 90 பேருக்கு இரத்தப்போக்கு இருக்கிறது. திருப்பிப் போட்டால், நின்ற பிறகு இரத்தம் பட்டது என்று வருகிற 100 பேரில் 9 பேருக்குப் புற்றுநோய். வயிற்று உப்புசத்தின் ஆயிரத்துக்கு மூன்றோடு வைத்துப் பாருங்கள், எவ்வளவு உரத்த அறிகுறி என்று புரியும். இருந்தும் 'தி நானி' தொடரின் நாயகி ஃபிரான் டிரெஷருக்கு, நாற்பது வயதை ஒட்டித் தொடங்கிய இரத்தக் கசிவுக்குக் காரணம் தெரிய இரண்டு ஆண்டும் எட்டு டாக்டர்களும் ஆயின. மாதவிடாய் நிற்கப்போகிற காலம், அப்படித்தான் இருக்கும் என்று ஹார்மோன் மாத்திரை கொடுத்தவர்களும் அதில் உண்டு. உட்படலத்தைக் கிள்ளி எடுத்துப் பரிசோதிப்பதற்கு அவருடைய வயது குறைவு என்று நினைத்தார்கள். 2000 ஜூனில் கண்டுபிடித்தபோது நோய் அதிர்ஷ்டவசமாக முதல் கட்டத்திலேயே இருந்தது. கருப்பையை எடுத்ததோடு பிழைத்துக்கொண்டார்.

நம் ஊரில் "நின்னு நாலு வருஷம் கழிச்சு மறுபடி லேசா படுது" என்று ஓர் அம்மா மகளிடம் சொல்வதற்கே ஆறு மாதம் ஆகும். சூடு என்று மோர் குடிப்பார். கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்ற கவலை முதலில் வரும். டாக்டரிடம் போகலாமா என்பது அப்புறம். தயக்கம் இந்தப் பக்கம், அவசரம் அந்தப் பக்கம்.

ஸ்கேன் எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியவில்லை. இரத்தம் பட்ட பெண்ணுக்குக் கருப்பை உட்படலத்தின் தடிமனை அளந்து, 4 அல்லது 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பயமில்லை என்று அனுப்புவது உலக வழக்கம். அந்த அளவு, பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. 2024இல் அமெரிக்காவில் கெமி டால் என்ற நிபுணரின் குழு கறுப்பினப் பெண்களிடம் அதைச் சோதித்தது. உட்படலப் புற்றுநோய் உறுதியான 210 பேரில் 24 பேருக்கு ஸ்கேனில் தடிமன் 5 மில்லிமீட்டருக்குக் கீழேதான் இருந்தது. அதாவது விதிப்படி, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பப்பட வேண்டியவர்கள். நார்க்கட்டிகள் இருந்தால் ஸ்கேனில் உட்படலம் சரியாகத் தெரியாது. அவை கறுப்பினப் பெண்களுக்கு அதிகம். கருவி பொய் சொல்லவில்லை. யாரை வைத்து அதற்கு அளவு குறித்தார்கள் என்பதுதான் பிரச்சினை. நார்க்கட்டி நம் பெண்களிடமும் சகஜம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் என்ன என்ற கேள்வி வரும். சி.ஏ.-125 என்ற புரதத்தை ராபர்ட் பாஸ்ட் குழு 1981இல் கண்டறிந்ததிலிருந்தே அந்த ஆசை இருக்கிறது. இரண்டு மிகப்பெரிய சோதனைகள் நடந்தன. அமெரிக்காவில் 78,216 பெண்களை வைத்துச் செய்ததன் முடிவு 2011இல் வந்தது: ஓர் உயிர்கூடக் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை. 3,285 பெண்களுக்கு இல்லாத நோய் இருப்பதாகக் காட்டியது. அவர்களில் 1,080 பேருக்கு வயிற்றைத் திறந்து பார்த்து, அதில் 163 பேர் கடுமையான பின்விளைவுகளுக்கு ஆளானார்கள். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்துச் செய்ததன் முடிவு 2021இல் வந்தது. முதல் கட்டத்தில் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ பாதிப்பங்கு கூடினார்கள்; ஆனால் இறந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம் என்ற வாக்கியத்தை இந்த நோயில் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ராட்னரை மார்ச் மாதமே சரியாகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் எழுத மாட்டேன். யாரும் எழுதக் கூடாது. பிராங்க்ளினின் டாக்டர் உடனே கவனித்தார், அவர் பிழைக்கவில்லை.

அப்படியானால் கேட்பதால் என்ன பயன்? நோயில்லாத எல்லாரையும் சலிப்பது வேறு, தொல்லை சொல்லி வருபவரை உடனே பார்ப்பது வேறு. பிரிட்டனில் 2011இல் வந்த விதி இப்படி: இந்தத் தொல்லைகள் மாதத்தில் 12 முறைக்கு மேல் இருந்தால், அதிலும் 50 வயதைத் தாண்டியிருந்தால், பொதுமருத்துவரே சி.ஏ.-125 பார்க்க வேண்டும். அதன் அளவு 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்கேன். இப்படி அறிகுறி சொல்லி அனுப்பப்பட்ட 1,741 பெண்களைப் பற்றிய ஆய்வு 2024இல் வெளியானது. வேகமாகப் பரவும் வகைப் புற்று இருந்த 119 பேரில் கால்வாசிப் பேர் முதல் இரண்டு கட்டங்களிலேயே இருந்தார்கள். கட்டியைக் கண்ணுக்குத் தெரிய மிச்சமில்லாமல் எடுக்க முடிந்தது பத்தில் ஆறு பேருக்கு. அப்படி எடுக்க முடிவதுதான் இந்த நோயில் ஆயுளை நீட்டுகிற மிகப்பெரிய விஷயம்.

அந்த பிரிட்டிஷ் விதிகளில் இன்னொன்று உண்டு, நம் கிளினிக் சுவர்களில் ஒட்டத் தகுந்தது. குடல் எரிச்சல் நோய், அதாவது ஐ.பி.எஸ்., ஐம்பது வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தொடங்குவது அபூர்வம். அப்படித் தோன்றினால் சினைப்பையைப் பார்த்துவிடு. நமக்கு இன்னொரு சிக்கலும் கூட இருக்கிறது: காசநோய். வயிற்றில் வரும் காசநோயும் நீர் கோக்கும், எடையைக் குறைக்கும், சி.ஏ.-125ஐ ஏற்றும். காசநோய் மாத்திரை மாதக்கணக்கில் தின்ற பிறகு புற்றுநோய் தெரிந்தவர்களும் உண்டு, புற்றுநோய் என்று திறந்து பார்த்துக் காசநோயைக் கண்டவர்களும் உண்டு. நீரை எடுத்துச் சோதிக்காமல், திசுவைப் பார்க்காமல் இரண்டில் ஒன்றை ஊகிப்பது சூதாட்டம். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், கருப்பைவாய்க்கு அடுத்து மூன்றாவது இடம் சினைப்பைக்கு. முதல் இரண்டைப் பற்றிப் பேசுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சமையலறை மாதக் காலண்டரில் பால் வராத நாளும் சிலிண்டர் மாற்றிய தேதியும் குறிக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. வயிறு பெருத்து, சாப்பிட முடியாமல் போன நாள்களுக்கும் அதில் ஒரு புள்ளி வைக்கலாம். பன்னிரண்டு புள்ளி தாண்டிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவரிடம், "எல்லாம் கேஸ்தாம்மா" என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். கூட வருகிற மகனோ கணவரோ, "அம்மாவுக்கு வாயுத் தொல்லை டாக்டர்" என்று தாங்களே ஆரம்பித்து வைக்காமல் இருப்பது இன்னொரு உதவி. அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று வந்ததா என்பதையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். அப்பா வழி அத்தைக்கு வந்தது தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. மரபணுவுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

சி.ஏ.-125 சரியாக இருக்கிறது என்று ஒரு தாள் வந்துவிட்டாலும் விஷயம் முடியாது. முதல் கட்ட நோயில் பாதிப் பேருக்கு அது சரியாகத்தான் இருக்கும். தொல்லை தொடர்ந்தால் திரும்பப் போக வேண்டும். ஸ்கேனில் கட்டி தெரிந்து, அதற்குள் கெட்டியான பகுதியும் இருக்கிறது என்று எழுதியிருந்தால், ஊசி குத்தி நீரை உறிஞ்சிப் பார்க்கலாம், பக்கத்து நர்சிங் ஹோமிலேயே துளை போட்டு எடுத்துவிடலாம் என்பவரிடம் கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லலாம். ஒரு சினைப்பைக்குள் மட்டும் அடைந்திருக்கும் புற்றுநோய் முதல் கட்டத்தின் முதல் படி. அறுவை சிகிச்சையின்போது கட்டி உடைந்து உள்ளே இருப்பது வயிற்றறைக்குள் சிந்தினால், அந்த நிமிடமே அது அதே கட்டத்தின் மூன்றாவது படிக்குப் போய்விடும். கத்தியோடு முடிந்திருக்க வேண்டியதற்குப் பெரும்பாலும் கீமோவும் சேர்ந்துகொள்ளும். பெண்ணுறுப்புப் புற்றுநோய்க்கென்றே பயிற்சி பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர்கள் தனியாக இருக்கிறார்கள்; அவர்களிடம் போய்ச் சேர ஒரு வாரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.